அழித்தாலும் திரும்பி வரும் கோப்புறை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரு கோப்புறையை அழிக்கிறோம், அது திரையிலிருந்து மறைகிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே பெயரில் மறுபடி இருக்கிறது. இந்தப் புகாருடன் என்னிடம் வந்த கணினிகளில் பெரும்பாலானவற்றில், உரிமையாளர் அதற்குள் பத்துப் பதினைந்து முறை அழித்துப் பார்த்து அலுத்துப்போயிருப்பார். கோப்புறை தானாக முளைப்பதில்லை. ஏதோ ஒரு நிரலோ, இணைக்கப்பட்ட வேறொரு சாதனமோ, விண்டோஸோ அதை மறுபடி உருவாக்குகிறது. அப்படி இல்லையென்றால், நாம் கொடுத்த அழிக்கும் கட்டளை வட்டில் பதிவாகவே இல்லை. எனவே அழிப்பதை நிறுத்திவிட்டு, உருவாக்குவது யார் என்று தேடத் தொடங்குவதுதான் முதல் வேலை.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றுக்குப் பொருந்தும். பட்டிகளின் பெயர்களைத் திரையில் காணும் ஒலிப்பிலேயே கொடுத்திருக்கிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன்: ஒரு சிறிய சோதனை

முதலில், அந்தக் கோப்புறையில் உங்களுக்குத் தேவையானது ஏதாவது இருந்தால் அதை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குள் ஒரு சிறிய உரைக் கோப்பை உருவாக்கி, 'சோதனை' என்று பெயரிட்டுச் சேமித்து, சில நிமிடங்கள் கழித்துக் கோப்புறையை அழியுங்கள். அழித்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோப்புறை திரும்பி வந்ததும் உள்ளே திறந்து பாருங்கள்.

கோப்புறை வெறுமையாக இருந்தாலோ, புதிய கோப்புகள் மட்டும் இருந்தாலோ, ஒரு நிரல் அதைப் புதிதாக உருவாக்கியிருக்கிறது. பழைய உள்ளடக்கமும் சோதனைக் கோப்பும் சேர்ந்தே இருந்தால், அழிப்பு நிறைவேறவில்லை, அல்லது ஒத்திசைவுச் சேவை (ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போல, உங்கள் கோப்புகளின் நகலை இணையத்திலும் பிற சாதனங்களிலும் வைத்திருப்பது) தன்னிடமிருந்த நகலைத் திருப்பி வைத்திருக்கிறது. பழைய உள்ளடக்கம் இருந்து சோதனைக் கோப்பு மட்டும் காணாமல் போயிருந்தால், எங்கோ இருக்கும் ஒரு பழைய நகலிலிருந்து அது மீட்கப்பட்டிருக்கிறது, அல்லது உங்கள் வட்டு எதையும் எழுதிக்கொள்ளாத நிலைக்குப் போய்விட்டது.

அடுத்து, திரும்பி வந்த கோப்புறையின்மீது வலது சொடுக்குச் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'கிரியேட்டட்' என்ற வரியில் உள்ள நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்புறை மறுபடி எப்போது உருவானது என்பதற்கான தடயம் அது. அந்த ஒரு வரியைப் படிக்காமல் பல மணி நேரம் வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

## அறிகுறி 1: அழித்த கணத்திலேயே மீண்டும் தெரிகிறது, அல்லது அழியவே மறுக்கிறது

### காட்சி மட்டும் பழையதாக இருத்தல்

எஃப்5 விசையை அழுத்திச் சாளரத்தைப் புதுப்பியுங்கள். பிணைய இயக்ககங்களில் காட்சி புதுப்பிக்கப்படச் சில நேரம் தாமதமாகும். இடப்பக்கப் பலகத்தில் மட்டும் பெயர் தெரிந்தால், அது கோப்புறையே அன்று, 'குவிக் ஆக்சஸ்' பகுதியில் குத்தி வைக்கப்பட்ட குறுக்குவழி. வலது சொடுக்கில் 'அன்பின்' கொடுத்தால் போய்விடும்.

### வேறொரு நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருத்தல்

கோப்புறை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது, மறுபடி அழித்தாலும் அதையே சொல்கிறது என்றால், விண்டோஸ் உங்கள் கட்டளையை ஏற்றுக்கொண்டு, அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரல் விடுவிக்கும்வரை காத்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். கோப்புறைக்குள் ஒரு காணொளி இடைநிறுத்தத்தில் இருக்கலாம். கோப்புறைகளைத் திறந்து காட்டும் எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகம் ஒரு ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கலாம். கட்டளைச் சாளரம் ஒன்று அந்தக் கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கலாம்.

தொடக்கப் பட்டியில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, 'சிபியு' தாவலில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' பகுதியின் தேடல் பெட்டியில் கோப்புறையின் பெயரைத் தட்டச்சு செய்தால், பிடித்து வைத்திருக்கும் நிரல்களின் பட்டியல் வரும். மைக்ரோசாஃப்ட் வழங்கும் 'பவர்டாய்ஸ்' தொகுப்பை நிறுவியிருந்தால், அதிலுள்ள 'ஃபைல் லாக்ஸ்மித்' இதையே வலது சொடுக்கில் காட்டும். பெயர் தெரிந்த நிரலை முறையாக மூடுங்கள். தெரியாத பெயராக இருந்தால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இங்கே 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி இயக்குவதும் 'ரீஸ்டார்ட்' கொடுப்பதும் ஒன்றல்ல: 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' விண்டோஸின் உட்கருவை முழுவதும் மூடுவதில்லை, அதை வட்டில் சேமித்து வைத்து அடுத்த முறை அப்படியே எழுப்புகிறது.

### பெயரிலோ பாதையிலோ சிக்கல்

அழிக்கும்போது 'இந்த உருப்படியைக் காணவில்லை' என்ற பொருளில் செய்தி வந்து, கோப்புறை மட்டும் அசையாமல் இருந்தால், பெயரின் இறுதியில் ஓர் இடைவெளியோ புள்ளியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிற இயங்குதளங்களிலிருந்து வந்த கோப்புறைகளில் இது அடிக்கடி நிகழும். எக்ஸ்ப்ளோரர் அந்தக் கடைசி எழுத்தை வெட்டிவிட்டுத் தேடுவதால் அதற்குக் கோப்புறை கிடைப்பதில்லை. '7-ஜிப்' நிரலின் கோப்பு மேலாளரில் அதே இடத்துக்குப் போய், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி அழித்தால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

முழுப் பாதையின் நீளம் 260 எழுத்துகளை ஒட்டியிருந்தாலும் எக்ஸ்ப்ளோரர் தடுமாறும். மேலே உள்ள கோப்புறைகளின் பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்கினால் பாதை குறுகி, அழிப்பு நடந்துவிடும்.

### வட்டின் கோப்பு அமைப்பில் பிழை

மேற்கண்டவை எதுவும் பலிக்காதபோது மட்டும், இயக்ககத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'டூல்ஸ்' தாவலுக்குப் போய் 'செக்' கொடுங்கள். பிழை சரிசெய்யப்பட்ட பிறகு அழித்தால் போய்விடும். சரிசெய்த சில நாள்களில் மறுபடி பிழை காட்டினால், வட்டு தளர்ந்துகொண்டிருக்கிறது; அந்த நிலையில் கோப்புறையை மறந்துவிட்டு, முக்கியமான தரவுகளை உடனே வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு வட்டைத் தொழில்முறையாளரிடம் காட்டுங்கள்.

'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' அனுமதி வேண்டும் என்று செய்தி வந்தால், அது விண்டோஸின் சொந்தக் கோப்புறை. உரிமையைப் பிடுங்கி அழிப்பது எப்படி என்று விளக்கும் வழிகள் எங்கும் கிடைக்கும். அதைப் பின்பற்றிய கணினிகள் என்னிடம் மீட்பு வேலைக்கு வந்திருக்கின்றன.

## அறிகுறி 2: சில நிமிடங்கள் கழித்து, உள்ளடக்கத்துடன் திரும்புகிறது

இதுதான் மிக அதிகமாக வரும் புகார். இணையத்தைத் துண்டித்து விட்டு அழித்துப் பாருங்கள். இணைப்பு இல்லாதவரை வராமல் இருந்து, இணைப்பு வந்ததும் கோப்புறையும் வந்தால், வேறு எதையும் தேட வேண்டாம்: ஒத்திசைவுச் சேவைதான் காரணம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகிய எதுவாக இருந்தாலும் தர்க்கம் ஒன்றே.

### உங்கள் கணினியில் ஒத்திசைவு தேங்கியிருத்தல்

கடிகாரத்தின் அருகே உள்ள மேகச் சின்னத்தைத் திறந்து, பிழைச் செய்தியோ நெடுநேரமாக நகராத வரிசையோ இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அழித்த செய்தி சேவையகத்துக்குப் போய்ச் சேராமலே தேங்கியிருந்தால், அங்கிருக்கும் நகல் மறுபடி இறங்கும். ஒன்டிரைவில் இன்னொன்றும் உண்டு: ஒரே நேரத்தில் மிக அதிகமான கோப்புகளை அழித்தால், உண்மையிலேயே அழிக்க விரும்புகிறீர்களா என்று அது கேட்கும். அந்த அறிவிப்பில் அவசரத்தில் 'மீட்டமை' என்பதை அழுத்திவிட்டு, 'திரும்பி வந்துவிட்டது' என்று வந்தவர்கள் உண்டு.

'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கட்டளையை அழிப்பு என்று எண்ணிக்கொள்வதும் நடக்கிறது. அது வட்டில் உள்ள நகலை மட்டும் நீக்கி, கோப்பை மேகத்திலேயே வைத்திருக்கும். பெயர் அதே இடத்தில் இருக்கத்தான் செய்யும்.

### வேறொரு சாதனம் திருப்பி ஏற்றுதல்

ஒத்திசைவு சரியாக ஓடியும் கோப்புறை திரும்பினால், அதே கணக்கில் நுழைந்த இன்னொரு கணினியையோ கைப்பேசியையோ சந்தேகியுங்கள். மாதக்கணக்கில் அணைந்து கிடந்த பழைய மடிக்கணினி ஒன்று திடீரென இயக்கப்பட்டால், அதன் ஒத்திசைவு நிலை குழம்பியிருக்கும்போது, தன்னிடம் உள்ள பழைய கோப்புகளைப் புதியவை என்று எண்ணி ஏற்றிவிடக்கூடும். கோப்புகளின் பெயருக்குப் பின்னால் ஒரு கணினியின் பெயர் ஒட்டிக்கொண்ட இரட்டை நகல்கள் தென்பட்டால், குற்றவாளி எந்தக் கணினி என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

இதற்கு நான் பின்பற்றும் வரிசை இது. எல்லாச் சாதனங்களிலும் ஒத்திசைவை இடைநிறுத்துங்கள். ஒன்டிரைவில் 2, 8, 24 மணி நேரம் என்ற தேர்வுகள் இருக்கும். உலாவியில் சேவையின் இணையப் பக்கத்துக்குப் போய் அங்கே கோப்புறையை அழியுங்கள். அதன்பின் ஒவ்வொரு சாதனத்திலும் உள்ள நகலைக் கையால் அழித்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்து நிமிடம் விட்டு, ஒத்திசைவைத் திறந்துவிடுங்கள். எந்தச் சாதனத்தைத் திறந்ததும் கோப்புறை திரும்புகிறதோ, அதில் மட்டும் கணக்கின் இணைப்பை நீக்கி மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எது திருப்பி ஏற்றியது என்று தெரியாமல் போய், முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

இணையப் பக்கத்தின் குப்பைத் தொட்டியை உடனே காலி செய்ய வேண்டாம். தனிப்பட்ட ஒன்டிரைவ் கணக்கிலும் கூகுள் டிரைவிலும் அழித்தவை 30 நாள் அங்கே இருக்கும். அலுவலக ஒன்டிரைவ் கணக்கில் இயல்பாக 93 நாள். தவறுதலாக வேறு எதையாவது அழித்திருந்தால் அதை மீட்க அந்தக் காலம் உதவும்.

### பகிரப்பட்ட கோப்புறை

கோப்புறை பலருடன் பகிரப்பட்டிருந்தால், நீங்கள் குப்பை என்று அழித்ததை இன்னொருவர் 'யாரோ அழித்துவிட்டார்கள்' என்று மீட்டுக்கொண்டிருக்கலாம். இரு அறைகளில் இருந்த இருவர், மூன்று நாள்கள் இப்படி ஒருவர் அழிக்க ஒருவர் மீட்க இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இருவருமே தம் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்பினார்கள். இணையப் பக்கத்தில் 'மாற்றியவர்' என்ற நெடுவரிசையில் தெரியும் பெயரைப் படித்துவிட்டு, அவருடன் பேசுங்கள்.

## அறிகுறி 3: குறிப்பிட்ட நிரலைத் திறந்ததும் வெறுமையாக வருகிறது

ஆவணங்கள் கோப்புறைக்குள் இவ்வாறு வருபவை ஏராளம். ஆஃபிஸ் நிரல்கள் 'கஸ்டம் ஆஃபிஸ் டெம்ப்ளேட்ஸ்' என்ற கோப்புறையையும், பல விளையாட்டுகள் 'மை கேம்ஸ்' என்ற கோப்புறையையும், இணையவழிக் கூட்டங்களுக்கான நிரல்கள் பதிவுகளுக்கான கோப்புறையையும் கேட்காமலே உருவாக்கும்.

முதலில் அந்த நிரலின் அமைப்புகளில், சேமிக்கும் இடத்தைக் குறிக்கும் வரியைத் தேடி அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மாற்ற இடமே தராத நிரலாக இருந்தால், கோப்புறையின் பண்புகளில் 'ஹிட்டன்' என்பதைக் குறித்து மறைத்துவிடுவதே போதுமானது என்பது என் கருத்து. ஒரு வெறுங்கோப்புறை இடத்தை அடைப்பதில்லை; அது உறுத்துவது கண்ணைத்தான்.

அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஒரு கோப்பும் ஒரு கோப்புறையும் சேர்ந்து இருக்க விண்டோஸ் விடாது. எனவே கோப்புறையை அழித்துவிட்டு, அதே பெயரில், பின்னொட்டு (பெயருக்குப் பின் வரும் .txt போன்றது) எதுவும் இல்லாத ஒரு வெற்றுக் கோப்பை அங்கே வைத்து, அதற்கு 'ரீட்-ஒன்லி' பண்பைக் கொடுத்துவிட்டால், நிரல் தன் கோப்புறையை உருவாக்க இயலாமல் போகும். கோப்பின் பின்னொட்டை நீக்குவதற்கு, எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பட்டியில் பின்னொட்டுகளைக் காட்டும் தேர்வை முதலில் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் உரைக் கோப்பின் பின்னொட்டு மறைந்தே இருந்து, தந்திரம் பலிக்காது. சில நிரல்கள் கோப்புறை உருவாகாததைக் கண்டு தொடங்க மறுக்கும். அப்படியானால் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, மறைக்கும் வழிக்கே திரும்புங்கள்.

'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' இடத்துக்குள் இருந்த ஒன்றை அழித்தும் பழைய நிரல் அதைத் தொடர்ந்து காட்டுகிறதா? பழைய நிரல்கள் அங்கே எழுத முயன்றவற்றை, விஸ்டா காலம் முதல் விண்டோஸ், பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறையில் 'லோக்கல்' என்பதற்குள் இருக்கும் 'வர்ச்சுவல்ஸ்டோர்' இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே இன்னொரு நகல் இருக்கும். இரண்டையும் அழிக்க வேண்டும்.

## அறிகுறி 4: மறுதொடக்கம் செய்ததும், அல்லது நாள்தோறும் ஒரே நேரத்தில் வருகிறது

### உள்நுழைந்தவுடன் வருகிறது

ஆவணங்கள், படங்கள், காணொளிகள் போன்றவை விண்டோஸ் அறிந்த கோப்புறைகள். அவற்றை அழித்தால் அடுத்த உள்நுழைவில் மறுபடி உருவாகும். அவற்றுடன் போராட வேண்டாம்; இடம் மாற்ற வேண்டுமென்றால் பண்புகள் சாளரத்தின் 'லொகேஷன்' தாவலில் மாற்றிக்கொள்ளலாம்.

வேறு பெயர் கொண்ட கோப்புறையாக இருந்தால், 'டாஸ்க் மேனேஜர்' திறந்து தொடக்க நிரல்களின் பட்டியலில் பெயர் தெரிந்த ஒவ்வொன்றாக முடக்கி, ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம் செய்து பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் பாதியை ஒரே நேரத்தில் முடக்குவது விரைவானது: கோப்புறை வராமல் நின்றால் காரணம் முடக்கிய பாதியில் இருக்கிறது, வந்தால் மறு பாதியில். எட்டு நிரல்கள் என்றால் மூன்று மறுதொடக்கங்களில் விடை கிடைத்துவிடும்.

### குறிப்பிட்ட நேரத்தில் வருகிறது

ஓர் அலுவலகக் கணினியின் முகப்புத் திரையில் 'ஸ்கேன்' என்ற வெறுங்கோப்புறை நாள்தோறும் காலையில் இருந்தது. அங்கிருந்தவர் அதை அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நான் 'கிரியேட்டட்' வரியை மூன்று நாள்கள் குறித்துவைக்கச் சொன்னேன்: 9:05, 9:05, 9:05. 'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து, அதன் 'லைப்ரரி' பட்டியலை 'லாஸ்ட் ரன் டைம்' என்ற நெடுவரிசையின்படி அடுக்கினோம். எப்போதோ கழற்றி எறியப்பட்ட ஒரு வருடியின் மென்பொருள் விட்டுச்சென்ற பணி 9:05 என்று நின்றது. பணியை வலது சொடுக்கில் 'டிசேபிள்' செய்தோம். மறுநாள் கோப்புறை வரவில்லை. ஒரு வாரம் பொறுத்து அந்தப் பணியையே நீக்கிவிட்டோம். உடனே நீக்காமல் முதலில் முடக்கிப் பார்ப்பது என் வழக்கம், ஏனெனில் நீக்கியதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

### பழைய உள்ளடக்கம் முழுவதுமே திரும்புகிறது

மறுதொடக்கத்துக்குப் பின் அந்தக் கோப்புறை மட்டுமன்றி, நீங்கள் செய்த வேறு மாற்றங்களும் காணாமல் போனால், கணினியில் 'டீப் ஃப்ரீஸ்' போன்ற மீட்டமைப்பு மென்பொருள் இருக்கிறது. பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினிகளில் இதை வேண்டுமென்றே நிறுவுவார்கள். அதை நிர்வகிப்பவரின் கடவுச்சொல் இல்லாமல் எதையும் நிலையாக அழிக்க முடியாது.

நிறுவனப் பிணையத்தில் இணைந்த கணினிகளில் 'குரூப் பாலிசி' என்ற நிர்வாக விதிகளின் வழியாகக் கோப்புறைகளை உருவாக்க முடியும். அந்த விதிகள் இயல்பாக 90 நிமிடங்களுக்கு ஒரு முறை, அதனுடன் 0 முதல் 30 நிமிடம்வரை தற்செயலான கூடுதல் இடைவெளியுடன், புதுப்பிக்கப்படுகின்றன. ஆகவே ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கோப்புறை திரும்பிக்கொண்டே இருந்தால், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு, குறித்துவைத்த நேரங்களுடன் எழுதுங்கள். சேவையகத்தில் பயனர் சுயவிவரத்தைச் சேமிக்கும் அமைப்புகளில், வெளியேறும்போது சுயவிவரம் சரியாக ஏறாவிட்டால் அழித்தவை அடுத்த உள்நுழைவில் மறுபடி இறங்கும்; அதுவும் அவர்கள் பக்கத்து வேலை.

## அறிகுறி 5: நேரத்தில் ஒழுங்கில்லை, யார் உருவாக்குகிறார் என்றே தெரியவில்லை

ஊகிப்பதை விட்டுவிட்டுக் கண்காணிக்க வேண்டிய இடம் இது. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள 'ப்ராசஸ் மானிட்டர்' என்ற இலவச நிரலை அவர்களுடைய தளத்திலிருந்தே பதிவிறக்கி, நிர்வாகி உரிமையுடன் இயக்குங்கள். திறந்த கணமே ஆயிரக்கணக்கான வரிகள் ஓடத் தொடங்கும். அதைக் கண்டு மூடிவிட வேண்டாம்.

வடிகட்டிச் சாளரத்தைத் திறந்து, 'பாத்' என்பதையும் 'பிகின்ஸ் வித்' என்பதையும் தேர்ந்து, கோப்புறையின் முழுப் பாதையை ஒட்டி, 'இன்க்ளூட்' கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் 'ஃபில்டர்' பட்டியில் 'டிராப் ஃபில்டர்டு ஈவண்ட்ஸ்' என்பதையும் இயக்கிவிடுங்கள். இதை மறந்தால், வடிகட்டப்பட்ட வரிகளும் பின்னணியில் சேர்ந்துகொண்டே போய், சில மணி நேரத்தில் கணினியின் நினைவகத்தை விழுங்கிவிடும். இப்போது கோப்புறையை அழித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

கோப்புறை திரும்பியதும் பதிவை நிறுத்திவிட்டு, 'கிரியேட்ஃபைல்' என்ற செயலைக் காட்டும் வரிகளைப் படியுங்கள். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. பெயர் எப்படி இருந்தாலும், ஏற்கெனவே இருப்பதைத் திறப்பதும் 'கிரியேட்ஃபைல்' என்றே பதிவாகும். ஆகவே முதல் வரியில் இருக்கும் நிரலைக் குற்றவாளி என்று முடிவு செய்துவிடாமல், 'டீட்டெய்ல்' நெடுவரிசையின் இறுதியில் 'ஓப்பன் ரிசல்ட்' என்பதற்கு நேரே 'கிரியேட்டட்' என்று இருக்கும் வரியைத் தேடுங்கள். அந்த வரியின் 'ப்ராசஸ் நேம்' தான் விடை. வைரஸ் தடுப்பு நிரலும் எக்ஸ்ப்ளோரரும் எதைக் கண்டாலும் திறந்து பார்ப்பவை என்பதால், பட்டியலில் அவற்றின் பெயர் எப்போதும் இருக்கும். அதைக் கொண்டு மட்டும் அவற்றைக் குறை கூறக் கூடாது.

பெயர் பொதுவானதாக, பல சேவைகளைத் தாங்கும் 'எஸ்விசிஹோஸ்ட்' போன்றதாக இருந்தால், அந்த வரியை இருமுறை சொடுக்கி 'ப்ராசஸ்' தாவலில் உள்ள கட்டளை வரியைப் படியுங்கள். கட்டளைச் சாளரம் உருவாக்கியதாகக் காட்டினால், கன்ட்ரோல் விசையுடன் டி (T) அழுத்தினால் வரும் நிரல்களின் மரத்தில், அதை அழைத்த தாய் நிரல் எது என்று தெரியும். பெயர் கிடைத்தபின் வழி அறிகுறி 3 அல்லது 4-இல் சொன்னதுதான்: அமைப்பை மாற்றுவது, பணியை முடக்குவது, தேவையில்லாத நிரலானால் நீக்குவது.

'கட்டாயமாக அழிக்கும் கருவி' என்று பதிவிறக்கத்துக்குக் கிடைப்பவற்றை இந்தக் கட்டத்தில் பலர் நாடுகிறார்கள். பிடித்து வைத்திருக்கும் நிரலின் பிடியை அவை அறுத்துவிடும். மறுபடி உருவாக்கும் நிரலை அவை தொடுவதே இல்லை.

## அறிகுறி 6: பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ அழித்தவை, கழற்றிச் செருகியதும் வருகின்றன

உறவினர் ஒருவரின் மெமரி கார்டில் சுமார் இருநூறு படங்கள் இருந்தன. கணினியில் அழித்தால் அழிந்தன. கார்டு காலியாகத் தெரிந்தது. கழற்றி மறுபடி செருகினால் இருநூறும் அப்படியே இருந்தன. பூட்டுப் பொத்தான் திறந்தே இருந்தது. ஃபார்மட் செய்தோம், 'முடிந்தது' என்றது, கழற்றிச் செருகினோம், படங்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

சோதனை எளிது. முதலில் அட்டையின் பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தானைப் பாருங்கள். அடுத்து, அழிப்பதற்குப் பதிலாக ஒரு புதிய கோப்பை அதில் நகலெடுத்து, 'இஜெக்ட்' கொடுத்து முறையாகக் கழற்றி, மறுபடி செருகிப் பாருங்கள். புதிய கோப்பு இருந்தால், முந்தைய முறை முறையாகக் கழற்றாததே காரணமாக இருக்கலாம். இயக்ககத்தில் 'செக்' ஓட்டிவிட்டு மறுபடி அழியுங்கள். புதிய கோப்பு காணாமல் போயிருந்தால், வேறொரு கார்டு ரீடரிலும் வேறொரு கணினியிலும் ஒரு முறை முயன்று பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் அட்டையின் ஆயுள் முடிந்துவிட்டது: தேய்ந்த ஃபிளாஷ் நினைவகம் எழுதுவதை ஏற்காமல், படிக்க மட்டும் விடும் நிலைக்குப் போயிருக்கிறது. கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் நகலைக் காட்டியதால்தான் கழற்றும்வரை எல்லாம் அழிந்ததுபோல் தெரிந்தது.

இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. படிக்க முடிகிற இப்போதே எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு புதிய அட்டை வாங்குங்கள். அழிக்க இயலாத அட்டையில் தனிப்பட்ட படங்களோ ஆவணங்களோ இருந்தால், மாற்று அட்டை கேட்டுக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கும்முன் அதைப் பற்றி ஒரு முறை யோசியுங்கள். என் உறவினர் பழைய அட்டையை வெட்டித்தான் போட்டார்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கும் இதைப் போன்ற குழப்பம் வரும். விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' நிலையில் உறங்கும்போது அது இருக்கும் வட்டுப் பிரிவில் (பார்ட்டிஷன்) லினக்ஸிலிருந்து செய்யும் மாற்றங்கள் நிலைக்காமல் போகலாம், அந்தப் பிரிவே கெடவும் செய்யலாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

### அழிக்கத் தேவையில்லாதவை

'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்', டாலர் குறியுடன் தொடங்கும் 'ரீசைக்கிள் பின்' ஆகியவை விண்டோஸ் இயக்ககங்களில் வைப்பவை. 'ஃபவுண்ட்.000' என்பது வட்டுச் சோதனையில் மீட்ட துண்டுகளை வைக்கும் இடம். அதை அழிக்கலாம், ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தால் வட்டைச் சந்தேகிக்க வேண்டும். 'லாஸ்ட்.டிர்' ஆண்ட்ராய்டு கைப்பேசி உருவாக்குவது. புள்ளியில் தொடங்கும் 'டிராஷஸ்', 'ஸ்பாட்லைட்' போன்ற பெயர்கள் மேக் கணினியில் செருகியதன் தடயம்.

## அறிகுறி 7: சில நொடிகளில் வருகிறது, கூடவே அறியாத கோப்புகளும் வருகின்றன

பென் டிரைவில் உங்கள் கோப்புறைகள் மறைந்து, அதே பெயர்களில் குறுக்குவழிகள் தோன்றி, அழித்த சில நொடிகளில் அவை மறுபடி வந்தால், அது தீநிரலின் வேலை. குறுக்குவழிகளைச் சொடுக்காதீர்கள். பென் டிரைவை முதலில் சுத்தம் செய்வது வீண். நோய் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் நொடிக்கு நொடி பென் டிரைவில் எழுதுகிறது. பென் டிரைவைக் கழற்றிவிட்டு, 'விண்டோஸ் செக்யூரிட்டி' நிரலின் சோதனைத் தேர்வுகளில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனையை ஓட்டுங்கள். கணினி தானே மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் எழும்முன் சோதிக்கும். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். கணினி சுத்தமான பின் பென் டிரைவைச் செருகி அதையும் சோதியுங்கள். பண்புகளில் 'ஹிட்டன்' நீக்கினால் மறைந்த கோப்புறைகள் திரும்பத் தெரியும்.

ஆஃப்லைன் சோதனைக்குப் பின்னும் அது திரும்பினாலோ, பாதுகாப்பு நிரல் தானாகவே முடங்கிப்போனாலோ, மேலும் கிளறாமல் இணையத்தைத் துண்டித்துவிட்டு, அந்தக் கணினியில் வங்கிக் கணக்குகளைத் திறப்பதை நிறுத்திவிட்டு, தொழில்முறையாளரிடம் கொடுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள்.

## தொழில்முறையாளரிடம் போகும்போது

வட்டுச் சோதனை மீண்டும் மீண்டும் பிழை காட்டும் நிலை, நகலெடுக்கப்படாத தரவு உள்ள வட்டு விசித்திரமாக ஒலிக்கும் நிலை, ப்ராசஸ் மானிட்டர் காட்டிய நிரலை நீக்கிய பின்னும் அதே நிரல் திரும்பி வரும் நிலை ஆகிய மூன்றிலும் நீங்களே தொடர வேண்டாம். வட்டு ஒலிக்கிறதென்றால் கணினியை அணைத்தே எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் மீட்பின் வாய்ப்பைக் குறைக்கும்.

கொண்டுபோகும்போது நீங்கள் குறித்துவைத்த தாளையும் கொடுங்கள்: அழித்த நேரங்கள், 'கிரியேட்டட்' நேரங்கள், சோதனைக் கோப்பு திரும்பியதா இல்லையா, ப்ராசஸ் மானிட்டரில் கண்ட நிரலின் பெயர். 'அழித்தால் வருகிறது' என்று மட்டும் சொல்லிக் கொடுக்கப்பட்ட கணினியில் நான் முதல் மூன்று நாள்கள் செய்வது, அது எப்போது வருகிறது என்று உட்கார்ந்து பார்ப்பதுதான்.